நம் சளி அவற்றுக்கும் ஒட்டும்: மனிதரிடமிருந்து விலங்குக்குப் போகும் வைரஸ்கள்

மியாவ்பிரியன், 2025 மார்ச் 2, காலை 9.10

வீட்டில் மூன்று பேருக்கும் காய்ச்சல், இருமல். நேற்றிலிருந்து பூனையும் தும்முகிறது, மூக்கு ஒழுகுகிறது. எங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதோ என்று அம்மா பயப்படுகிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. வௌவாலிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் கோழியிடமிருந்தும் நமக்குத்தான் வரும். நம் நோய் மிருகங்களுக்குப் போனதாகக் கேள்விப்பட்டதே இல்லை. போகும் என்பவர்கள் ஆதாரத்தோடு சொல்லுங்கள். அப்படியே போனாலும் என்ன பெரிய ஆபத்து?

ஊசிக்காரி, 2025 மார்ச் 2, காலை 11.40

ஒட்டும் தம்பி. முதலில் பூனையைப் பார்ப்போம், வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

பூனை தும்மினால் பெரும்பாலும் அதன் சொந்த வைரஸ்கள்தான் காரணம். பூனை ஹெர்பஸ், கலிசி என்று இரண்டு உண்டு. ஹெர்பஸ் ஒருமுறை தொற்றினால் உடம்பிலேயே தங்கிவிடும். பூனைக்கு மனக்கலக்கம் வந்தால் மறுபடி தலைதூக்கும். வீட்டில் எல்லோரும் படுத்துக் கிடப்பதே அதற்குக் கலக்கம்தான். ஆனாலும் உங்களுக்கு வந்திருப்பது கோவிடாகவோ ஃப்ளூவாகவோ இருந்தால் இரண்டுமே பூனைக்குத் தாவக்கூடியவை.

யாருக்கு இருமல் குறைவோ அவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு சாப்பாடு வைக்கட்டும். மடியில் போட்டுக்கொள்வது, முத்தம் கொடுப்பது, ஒரே தலையணையில் தூங்குவது எல்லாம் ஒரு வாரத்துக்கு வேண்டாம். பூனைக்கு முகக்கவசம் மாட்ட வேண்டாம். சானிடைசர், பினாயில் எதையும் அதன்மேல் தடவாதீர்கள், நக்கி விழுங்கிவிடும்; பினாயில் பூனைக்கு விஷம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாலோ மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கிளம்புமுன் போன் செய்து, வீட்டில் காய்ச்சல் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அங்கே பூனையைப் பிடிக்கப்போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஊசிக்காரி, 2025 மார்ச் 2, இரவு 10.25

ஆதாரம் கேட்டீர்கள். உங்கள் வீட்டு நிலைமைக்கு மிக நெருக்கமானது 2009 நவம்பரில் அமெரிக்காவின் அயோவாவில் நடந்தது. வீட்டாருக்கு முதலில் காய்ச்சல். பிறகு அவர்களுடைய 13 வயதுப் பூனைக்கு. சோதித்தால் அந்த ஆண்டு உலகம் முழுக்கச் சுற்றிய அதே எச்1என்1 ஃப்ளூ. வீட்டைவிட்டு வெளியே போகாத பூனை. பிழைத்துக்கொண்டது.

கோவிடில் இந்தக் கணக்கு இன்னும் நீளம். 2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் நாடியா என்ற மலேயப் புலிக்கு வறட்டு இருமல், பரிசோதனையில் கோவிட். 2021 மே மாதம் ஐதராபாத் பூங்காவில் எட்டுச் சிங்கங்கள். அடுத்த மாதம் வண்டலூரில் தொற்றிய சிங்கங்களில் நீலா என்ற பெண் சிங்கமும் பத்மநாதன் என்ற ஆண் சிங்கமும் இறந்தன. அங்கே எடுத்த மாதிரிகளில் இருந்தது டெல்டா, அப்போது மனிதரிடையே பரவிக்கொண்டிருந்த அதே திரிபு. கூண்டில் இருக்கும் சிங்கம் கடைவீதிக்குப் போய்த் தொற்று வாங்கி வராது. தொற்று அதனிடம் நடந்து போயிருக்கிறது.

ஊசிக்காரி, 2025 மார்ச் 4

சிலர் மிங்க் பற்றிக் கேட்டிருந்தார்கள். அதைச் சுருக்கமாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

மிங்க் கீரியைப் போல நீண்ட உடம்புள்ள சிறு விலங்கு. ரோமத்துக்காக வளர்க்கிறார்கள். நீளக் கொட்டகை, இரண்டு பக்கமும் வரிசையாகக் கம்பிக்கூண்டுகள், ஆயிரக்கணக்கில். ஒன்று தும்மினால் பக்கத்துக் கூண்டுக்குப் போகத் தடையே இல்லை. காட்டில் தனியாகத் திரியும் பிராணியை இப்படி அடுக்கி வைத்தால் வைரஸுக்கு வேறென்ன வேண்டும்?

2020 ஏப்ரலில் நெதர்லாந்தில் இரண்டு பண்ணைகளில் முதலில் கண்டுபிடித்தார்கள். உள்ளே கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். முதல் 16 பண்ணைகளை ஆராய்ந்தவர்கள், அங்கே வசித்தவர்கள், வேலை செய்தவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என 97 பேரைச் சோதித்தார்கள். 66 பேருக்குத் தொற்றின் தடயம் இருந்தது. அதில் சிலரிடம் இருந்த வைரஸின் மரபணு வரிசை, மிங்க்கிடம் போய் மாறித் திரும்பியது என்று காட்டியது. போனதும் அதே வாசல், வந்ததும் அதே வாசல்.

பிறகு டென்மார்க். மிங்க்கில் மாறிய திரிபு ஒன்று மனிதரிடமும் தென்பட்டது. தடுப்பூசி வேலை செய்யாமல் போய்விடுமோ என்ற பயம். 2020 நவம்பர் 4ஆம் தேதி, நாட்டிலுள்ள மிங்க் அத்தனையையும் கொல்லப்போவதாக அரசு அறிவித்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேல். தொற்றில்லாத பண்ணைகளிலும் கொல்லச் சொல்ல அரசுக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்பது அறிவித்த பிறகு தெரியவந்து, வேளாண் அமைச்சர் மோகன்ஸ் யென்சன் பதவி விலகினார். அவசரத்தில் ஆழமில்லாத குழிகளில் புதைத்த உடல்கள் வாயு நிரம்பி உப்பி மண்ணுக்கு மேலே வந்தன. மறு ஆண்டு தோண்டியெடுத்து எரித்தார்கள்.

கொடுத்தது நாம், கொல்லப்பட்டது அவை. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஆறவில்லை. அந்த அரசு பயந்ததில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கொட்டகைக்குள் போகிறவருக்கு முகக்கவசமும் காய்ச்சல் வந்தால் விடுப்பும் முதல் வாரத்திலேயே கொடுத்திருந்தால், கடைசியில் இத்தனை குழி தோண்ட வேண்டியிருந்திருக்குமா என்ற கேள்வி போகவே மாட்டேன் என்கிறது.

ஊசிக்காரி, 2025 மார்ச் 4, பின்னிரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கூண்டுக்கு வெளியேயும் போயிருக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டாவில், தொற்றிய பண்ணைக்கு அருகே பிடித்த காட்டு மிங்க் ஒன்றில் அதே வைரஸ். பண்ணை மனிதர், பண்ணை மிங்க், காட்டு மிங்க் என்ற வரிசை. நெதர்லாந்து, 2024இல் நிறுத்துவதாக இருந்த மிங்க் வளர்ப்பை 2021 தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது.

மியாவ்பிரியன், 2025 மார்ச் 5

நன்றி டாக்டரம்மா. பூனை இன்று சாப்பிட்டது. கண்ணில் நீர் வருவதைப் பார்த்து அதன் ஹெர்பஸ்தான் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சந்தேகம். அப்படியானால் எல்லா மனித நோயும் எல்லா மிருகத்துக்கும் போகுமா? ஆடு மாடு கோழி எல்லாவற்றிலிருந்தும் விலகியிருக்க வேண்டுமா?

ஊசிக்காரி, 2025 மார்ச் 5

பூனை சாப்பிட்டதே பெரிய செய்தி.

எல்லாம் எல்லாவற்றுக்கும் போகாது. செல்லின் மேற்பரப்பில் வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பி எப்படி அமைந்திருக்கிறது என்பதே முதல் தடை. கோவிட் வைரஸ் பற்றுவது ஏசிஇ2 என்ற ஏற்பியில். பூனை, மிங்க், ஃபெரெட் (மிங்க்கைப் போன்ற வளர்ப்புப் பிராணி), ஹாம்ஸ்டர் (எலியைப் போன்ற சிறு வளர்ப்புப் பிராணி), மான், குரங்கு ஆகியவற்றில் அது நம்முடையதற்கு நெருங்கிய வடிவம். நாய்க்குத் தொற்றும், ஆனால் பூனை அளவுக்கு இல்லை. கோழி, வாத்தில் சோதனைக்கூடத்தில் முயன்றும் வைரஸ் பெருகவில்லை. பன்றியிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆனால் இதை நிரந்தரமான பட்டியலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020இல் பரவிய முதல் வைரஸ் சாதாரண எலியின் செல்லில் ஒட்டவில்லை. என்501ஒய் என்ற மரபணு மாற்றம் கொண்ட திரிபுகள் வந்ததும் ஒட்ட ஆரம்பித்தது. நம்மிடையே வைரஸ் மாற மாற, அது நுழையக்கூடிய விலங்குகளின் வட்டமும் மாறும்.

கோவிட் விஷயத்தில் தப்பித்த பன்றி, ஃப்ளூ விஷயத்தில் நேர் எதிர். அது தனிக்கதை, பிறகு எழுதுகிறேன்.

ஊசிக்காரி, 2025 மார்ச் 9

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

முன்பு ஒரு விலங்கு மீட்பு மையத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். தாயை இழந்த குரங்குக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கும். குட்டிக்குப் பால் கொடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஊசி மாட்டாத சிரிஞ்சில் பால் ஏற்றி, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். குட்டி ஒரு கையால் சிரிஞ்சைப் பிடிக்கும், இன்னொரு கையால் நம் சட்டைக் காலரை. முகத்தையே பார்த்துக்கொண்டு குடிக்கும். அதன் மூச்சு நம் தாடையில் படும், நம் மூச்சு அதன் மூக்கில். முகக்கவசம் போட்டிருந்தால் அதை இழுத்துக் கீழே தள்ளும், நம் வாயைப் பார்க்க வேண்டும் அதற்கு.

அங்கே குட்டிகளைப் பார்த்துக்கொண்ட ஒரு அண்ணன், அவரைப்போல் ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் அவருக்குச் சளி, தொண்டைக்கட்டு. வீட்டுக்குப் போங்கள் அண்ணே என்றேன். போனால் அன்றைய கூலி போய்விடும், தவிர இரவுப் பாலுக்கு வேறு ஆள் இல்லை என்றார். நிர்வாகத்திடம் போய்ச் சொன்னேன். சளிக்கெல்லாம் லீவு கொடுத்தால் மையத்தை மூட வேண்டியதுதான் என்று பதில் வந்தது. அந்த வாரக் கடைசியில் இரண்டு குட்டிகளுக்கு மூக்கு ஒழுகியது. ஒன்று தேறியது. ஒன்று என் கையிலேயே போய்விட்டது, விலா எலும்புகள் உள்வாங்க உள்வாங்க மூச்சுக்குத் திணறி.

மனித வைரஸ்களுக்கான சோதனை எதுவும் செய்யப்படவில்லை. அதனால் அண்ணனின் சளிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன்; சொன்னால் அவருக்கு அநியாயம். ஆனால் அன்றைக்கு அவர் வீட்டில் படுத்திருக்க வேண்டியவர். படுக்க முடியாதபடி செய்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊசிக்காரி, 2025 மார்ச் 10

‘சாதாரணச் சளிக்கு ஒரு குரங்கு சாகுமா’ என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருக்கிறார்கள். இங்கேயே பதில் சொல்கிறேன்.

சாகும். மனிதக் குரங்குகளில் இதற்கு நிறையப் பதிவுகள் உண்டு. மெட்டாநிமோவைரஸ் என்று ஒன்று. நம்மில் பெரும்பாலோருக்கு ஐந்து வயதுக்குள் வந்து போய்விடும், சளி என்று கஷாயம் குடித்து மறந்துவிடுவோம். 2009இல் ருவாண்டாவில் ஒரு மலைக் கொரில்லாக் கூட்டத்தில் அது நுழைந்து வளர்ந்த பெண் கொரில்லா ஒன்றும் ஒரு குட்டியும் இறந்தன. உகாண்டாவின் கிபாலே காட்டில் இங்கோகோ என்ற இடத்துச் சிம்பன்சிக் கூட்டத்தில் ஏறத்தாழ 200 இருந்தன. 2016 டிசம்பரிலும் 2017 ஜனவரியிலுமாக அதே வைரஸால் 25 இறந்தன. எட்டில் ஒன்று. அதே காட்டின் இன்னொரு கூட்டத்தில் 2013இல் 56 சிம்பன்சிகளில் 5 இறந்தன. காரணம் ரைனோவைரஸ் சி, நம் மூக்கை ஒழுகவைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐவரிகோஸ்ட் நாட்டில் ‘தாயி’ (Taï) என்ற காட்டில் இறந்த சிம்பன்சிகளின் நுரையீரலிலும் மனிதச் சுவாச வைரஸ்களை எடுத்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி? நமக்குச் சிறுவயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து உடம்பு பழகியிருக்கிறது. அவற்றுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கூட்டத்தில் குட்டி முதல் கிழடு வரை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முதல் தடவை.

இதில் என்னை வாட்டுவது என்னவென்றால், அங்கே போகிறவர்கள் அவற்றை நேசித்துத்தான் போகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள், வனக்காவலர்கள், பெரும் பணம் கட்டிப் பார்க்கப்போகும் பயணிகள். அந்தப் பணம்தான் காட்டையே காப்பாற்றி வைத்திருக்கிறது. மலைக் கொரில்லா உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான். ஏழு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குமேல் கூடாது என்ற விதி முன்பே இருந்தது. கோவிட் வந்ததும் தூரத்தைப் பத்து மீட்டர் ஆக்கி முகக்கவசத்தையும் கட்டாயமாக்கினார்கள். ஆனால் தூரத்தைக் கொரில்லாக் குட்டி மதிக்காது, அதுவே நடந்து வரும். வந்தால் பின்வாங்க வேண்டியவர் நாம். படம் எடுக்கிற ஆசையில் யார் பின்வாங்குகிறார்?

ஊசிக்காரி, 2025 மார்ச் 10, மாலை

ஒரு சிறு குறிப்பு. மார்மோசெட் என்ற கையளவுக் குரங்கை வளர்ப்போர் பெருகிவருகிறார்கள். உதட்டோரத்தில் நமக்கு வரும் கொப்புளம் ஹெர்பஸ் சிம்ப்ளெக்ஸ். நமக்கு எரிச்சல், பத்து நாளில் போய்விடும். மார்மோசெட்டுக்கு மூளைவரை போய்ப் பெரும்பாலும் உயிரையே வாங்கும். உதட்டில் புண்ணோடு அதற்கு முத்தம் கொடுக்காதீர்கள், கடித்த பழத்தைக் கொடுக்காதீர்கள். வளர்க்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஊசிக்காரி, 2025 மார்ச் 14

‘பாவம்தான், ஆனால் விலங்குக்குப் போவதால் நமக்கென்ன’ என்று கேட்டவருக்கு. அப்படிக் கேட்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் கேள்வி நேர்மையானது, ஊரில் பாதிப்பேர் மனத்தில் இருப்பதும் அதுதான்.

அமெரிக்காவின் வெண்வால் மான்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரி முதல் மார்ச் வரை நான்கு மாநிலங்களில் எடுத்த மான் ரத்தத்தில் 40 சதவீதத்தில் கோவிட் எதிர்ப்பொருள், அதாவது முன்பு தொற்றியதன் தடயம். அயோவாவில் 283 மான்களின் நிணநீர் முடிச்சுகளைப் பார்த்தால் 94இல் வைரஸின் மரபணு. மான் இருமவில்லை, சாகவில்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. மனிதரிடையே காணாமல் போய்விட்ட ஆல்ஃபா, காமா திரிபுகள் நியூயார்க் மாநில மான்களிடையே பின்னாலும் சுற்றிக்கொண்டிருந்தன. கனடாவின் ஒண்டாரியோவில் மான்களில் வெகுவாக மாறிப்போன ஒரு வரிசையைக் கண்டார்கள். அதற்கு மிக நெருங்கிய ஒன்று, மான்களோடு பழகிய ஒரு மனிதரிடம் இருந்தது.

ஆக, நாம் தடுப்பூசி போட்டுக்கொண்டு முடிந்தது என்று கையைக் கழுவும்போது, வைரஸுக்கு வேறொரு வீடு கிடைத்திருக்கிறது. அங்கே அது தன் போக்கில் மாறும். எந்த மாற்றத்தோடு எப்போது திரும்பும் என்பது நம் கையில் இல்லை.

ஊசிக்காரி, 2025 மார்ச் 16

மானைப் பற்றி எழுதியபின் தூக்கம் வராமல் யோசித்ததில், இதைவிடப் பழைய, இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல்.

அது ஆப்பிரிக்காவில் பிறந்த வைரஸ். அடிமைகளை ஏற்றிப்போன கப்பல்களில், மனிதர் ரத்தத்திலும் தண்ணீர்ப் பீப்பாயில் முட்டையிட்ட கொசுவிலுமாக அமெரிக்கக் கண்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே நகரங்களில் மனிதரைக் கொன்றதோடு நிற்காமல், காட்டுக் கொசுக்கள் வழியாகக் குரங்குகளுக்கும் போனது. அந்தக் குரங்குகள் அதை அதுவரை கண்டதில்லை. போனது போனதுதான், இன்றைக்கும் அமேசான் காட்டில் இருக்கிறது. மிக நல்ல தடுப்பூசி 1930களிலிருந்தே நம்மிடம் உண்டு. இருந்தும் மஞ்சள் காய்ச்சலை உலகத்திலிருந்து ஒழிக்கவே முடியாது, காட்டில் குரங்கும் கொசுவும் இருக்கும்வரை. பெரியம்மையை 1980இல் ஒழித்துவிட்டதாக அறிவிக்க முடிந்ததே, அதற்கு விலங்குகளில் இருப்பிடம் இல்லாததும் ஒரு முக்கியக் காரணம். வைரஸ் எந்த விலங்கிலாவது குடியேறுவதற்கு முன்பும் பின்பும் என்று இருவேறு காலங்கள் உண்டு. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் திரும்பி வர வழி கிடையாது.

பிரேசிலில் 2016 கடைசியில் தொடங்கிய பரவலில் ஊளைக் குரங்குகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. குரங்கு சாவதுதான் அந்த ஊர்களுக்கு எச்சரிக்கை மணி. குரங்கு செத்தால் உடனே அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊசி போடுவார்கள். ஆனால் குரங்குதான் பரப்புகிறது என்று நினைத்த மக்கள் பல இடங்களில் குரங்குகளை அடித்தும் விஷம் வைத்தும் கொன்றார்கள். எச்சரிக்கை செய்தவனையே அடித்துக் கொன்ற கொடுமை. அழிவின் விளிம்பிலிருந்து மீட்டெடுத்த தங்கநிறச் சிங்க டாமரின் என்ற சிறு குரங்கினம் அந்த அலையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதன்பின் அவற்றைப் பிடித்து, ஊசி போட்டு, திரும்பக் காட்டில் விட்டார்கள். காட்டுக் குரங்குக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

ஊசிக்காரி, 2025 மார்ச் 21

விலங்கு மருத்துவர்கள் படிக்கிறார்கள் என்றால் இது அவர்களுக்கு.

2021 ஆகஸ்டில் தாய்லாந்தின் சொங்க்லாவில் கோவிட் வந்த ஒரு அப்பாவும் மகனும், தங்கள் பூனையோடு வந்தார்கள். பூனையின் மூக்கில் சுவாப் எடுத்தார் ஒரு பெண் மருத்துவர். பூனை அவர் முகத்தில் தும்மியது. கையுறை இருந்தது, முகக்கவசம் இருந்தது. கண்ணுக்கு எதுவும் இல்லை. மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல். மூவரிடமும் பூனையிடமும் எடுத்த வைரஸின் மரபணு ஒன்றாகவே இருந்தது. மனிதர், பூனை, மனிதர் என்ற சங்கிலி அவ்வளவு தெளிவாகப் பதிவானது அப்போதுதான்.

பூனை மூக்கில் சுவாப் நுழைத்தவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். தலையை இடது கைக்குள் அடக்கி, கட்டைவிரலால் தாடையைத் தூக்கி, நம் முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்த்தான் துவாரத்தைப் பார்க்கிறோம். குச்சி உள்ளே போன அடுத்த நொடி தும்மல். கண்ணாடி மாட்டாமல் எத்தனை பேர் செய்கிறோம்? சுவாச நோயோடு வரும் பூனை என்றால் கண்கவசம் வேண்டும், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்ற கேள்வியும் சீட்டின் முதல் வரியில் வேண்டும். நம் படிப்பில் விலங்கிடமிருந்து நமக்கு வருபவற்றைப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டாரின் உடல்நிலையைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

ஊசிக்காரி, 2025 மார்ச் 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் பூனையை வெளியே விட்டுவிடலாமா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, வேண்டவே வேண்டாம். பூனையிடமிருந்து மனிதருக்கு வந்ததாகப் பதிவானவை மிக அரிது. பூனைக்குக் கொடுப்பது வீட்டு மனிதர்கள், அதுதான் வழக்கமான திசை.

2022 ஜனவரியில் ஹாங்காங்கில் ஒரு கடையின் ஹாம்ஸ்டர்களில் டெல்டா இருந்தது, ஊழியருக்கும் தொற்றியிருந்தது. உடனே இரண்டாயிரம் வரை சிறு விலங்குகளைக் கொன்றார்கள், வாங்கிப்போனவர்களையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அழுகிற பிள்ளைகள் கையிலிருந்து டப்பாவோடு வாங்கிப் போனார்கள். அங்கே ஹாம்ஸ்டரிடமிருந்து மனிதருக்குப் போனது மரபணுவில் தெரிந்தது, மறுக்கவில்லை. ஆனால் கடைச் சரக்கைத் தனிமைப்படுத்துவது வேறு, ஒரு வீட்டுப் பெட்டிக்குள் தனியாக இருக்கும் பிராணியைக் கொல்வது வேறு. தொற்று சில நாளில் தானே அடங்கிவிடும் உயிர் அது.

ஊசிக்காரி, 2025 மார்ச் 27

பறவைக் காய்ச்சல் பற்றிக் கேள்விகள். எச்5என்1 காட்டுப் பறவைகளிலிருந்து அமெரிக்கக் கறவை மாடுகளுக்குப் போனது 2024இல் தெரியவந்தது. அதில் நம் பேச்சுக்கு ஒட்டியது ஒன்று: மிச்சிகனில் பால் தொழிலில் வேலை செய்த இருவரின் வீடுகளில், வெளியே விடாத பூனைகளுக்கு அந்த வைரஸ் வந்து இறந்தன. பூனைகள் பண்ணைப் பக்கமே போனதில்லை. ஒருவர் பச்சைப்பால் ஏற்றிச் செல்பவர். வேலை உடுப்போடு வீட்டுக்கு வருவார், பூனை அதில் புரளும்.

இங்கே அந்த மனிதருக்குத் தொற்று இருந்ததாக நிரூபணம் இல்லை. துணியில் ஒட்டிய பாலே போதும். அதனால் மனிதரிடமிருந்து விலங்குக்கு என்று சொல்லும்போது நம் மூச்சை மட்டும் நினைக்காமல் நம் செருப்பையும் சட்டையையும் சேர்த்து நினைக்க வேண்டும். வேலை உடுப்பை வாசலிலேயே மாற்றுங்கள். பச்சைப்பாலைப் பூனைக்கு ஊற்றாதீர்கள்.

ஊசிக்காரி, 2025 ஏப்ரல் 3

பன்றிக்கதை பாக்கி இருந்தது. இப்போது ஒரு பன்றிப் பண்ணைக்காரரே கேட்டுவிட்டார்: ‘எங்கள் பண்ணையிலிருந்து நோய் பரவும் என்றுதான் எல்லோரும் எங்களைத் திட்டுகிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’

உங்களைத் திட்டுகிறவர்களுக்குப் பாதிக் கதைதான் தெரியும் அண்ணே. 2009 ஃப்ளூவுக்குப் பன்றிக் காய்ச்சல் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வைரஸின் மரபணுத் துண்டுகள் பன்றிகளிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் மனிதரிடையே பரவ ஆரம்பித்ததும் அது உலகம் முழுக்கப் பன்றிகளுக்கு மனிதரால் கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டது. நார்வேயில் அதுவரை பன்றிகளில் ஃப்ளூவே இல்லை. 2009 அக்டோபரில் வந்தது, கொட்டகையில் வேலை செய்தவர்களிடமிருந்து. அமெரிக்காவில் 2009 முதல் 2021 வரை இந்த ஒரு வைரஸ் மனிதரிடமிருந்து பன்றிக்குத் தனித்தனியாக 370 தடவைபோல் தாவியிருக்கிறது என்று மரபணு வரிசைகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். பன்றி நமக்குக் கொடுத்ததைவிட நாம் பன்றிக்குக் கொடுத்தது மிகமிக அதிகம்.

பன்றியின் மூச்சுக்குழாயில் மனித ஃப்ளூவும் பற்றும், பறவை ஃப்ளூவும் பற்றும். இரண்டும் ஒரே பன்றிக்குள் ஒரே நேரத்தில் நுழைந்தால் துண்டுகள் கலந்து புதிதாக ஒன்று பிறக்கலாம். அதனால் உங்கள் கொட்டகைக்குள் ஒருவர் ஃப்ளூவோடு நுழைவதைத் தடுப்பது உங்கள் பன்றிக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். வேலையாட்கள் எல்லோருக்கும் வருடாவருடம் ஃப்ளூ ஊசி, செலவு உங்களுடையது. ஈற்றறைப் பக்கம், பால்குடிக் குட்டிகள் இருக்கும் பக்கம் முகக்கவசம். கொட்டகைக்கென்று தனி உடுப்பும் பூட்சும், அங்கேயே துவைத்து அங்கேயே காயட்டும். பன்றி இரும ஆரம்பித்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிட்டு மூக்குச் சுவாப்; கூடவே வேலையாட்களில் யாருக்குக் காய்ச்சல் இருந்தது என்று கேளுங்கள், மிரட்டாமல். மிரட்டினால் அடுத்த தடவை மறைப்பார்கள். பறவைகள் கொட்டகைக்குள் வராமல் வலை.

எல்லாவற்றுக்கும் மேலே, காய்ச்சல் என்று சொன்னவரை மூன்று நாள் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள். சம்பளத்தைப் பிடித்தால் அவர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். வந்து ஈன்ற பன்றியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ஒருவர் போனால் வேலை ஓடாது என்றால், பக்கத்துப் பண்ணையோடு பேசி ஆள் மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்துவையுங்கள், ஆனால் அவர் தன் கொட்டகை உடுப்போடு வரக்கூடாது.

ஊசிக்காரி, 2025 ஏப்ரல் 4

பண்ணைக்கார அண்ணன் இரண்டு கேள்வி கேட்டிருந்தார். ஊசி போட்ட அன்று வேலைக்கு வரலாமா? வரலாம், பொதுவாகப் போடும் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ், அதனால் பன்றிக்கு எதுவும் ஒட்டாது. காய்ச்சல் போனபின் எப்போது கொட்டகைக்குள் விடலாம்? மாத்திரை இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். அதன்பின்னும் ஓரிரு நாள் தீவனக் கிடங்கு, கணக்கு, வெளிவேலை என்று கொடுத்துவிட்டு, ஏழாம் நாள் குட்டிகள் பக்கம் அனுப்புங்கள்.